ஒரு பெயர், பல வேர்கள்



தோட்டத்தில் வாழ்கிறவர்களுக்குப் பெயர்க் குழப்பம் புதிதன்று. ஒரே தோட்டத்தில் மூன்று முனியம்மாக்கள் இருப்பார்கள்; நான்கு பெருமாள்கள் இருப்பார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் கிராணியார் 'பெருமாள்' என்று கூப்பிட்டால் நான்கு பேரும் ஒன்றாகக் குரல் கொடுப்பார்கள். இதற்கு நாமே ஒரு வழியும் கண்டு வைத்திருக்கிறோம். மேட்டு லயத்துப் பெருமாள், ஸ்டோர் பெருமாள், மாட்டுக்காரப் பெருமாள், நெட்டைப் பெருமாள் என்று பெயருக்கு முன்னே ஓர் அடையாளத்தைச் சேர்த்துவிடுகிறோம். குழப்பம் தீர்ந்துவிடுகிறது.

மனிதருக்கு உள்ள இந்தப் பெயர்க் குழப்பம் கலைப் படைப்புகளுக்கும் உண்டு. ஒரே தலைப்பில் தொலைக்காட்சித் தொடர் இருக்கும்; அதே தலைப்பில் இசைத்தட்டும் இருக்கும். ஒன்றுக்கு ஒன்று உறவா, அல்லது பெயர் மட்டுந்தான் ஒன்றா என்று தெரியாமல் நாம் திகைப்போம்.

நம் பள்ளி நூலகத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியே இந்தப் பேச்சுக்குக் காரணம். பட்டணத்துக்குக் குடிபோன ஒரு குடும்பத்தார் ஒரு பெட்டி நிறையப் பழைய இசைத்தட்டுகளைப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவற்றைத் தூசி தட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, இரண்டு தட்டுகளைக் கையில் ஏந்தி வந்து நின்றாள். "ஐயா, இரண்டிலும் 'ரூட்ஸ்' என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் பாடினவர்கள் வேறு வேறு ஆட்கள். ரூட்ஸ் என்பது தொலைக்காட்சி நாடகம் என்று எங்கள் மாமா சொன்னாரே! இதில் எதுதான் உண்மையான ரூட்ஸ்?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. 'ரூட்ஸ்' என்றால் வேர்கள். அந்தப் பெயரைத் தாங்கிய படைப்புகளின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால், அந்தச் சிறுமிக்கு விடை கிடைக்கும். நமக்கும் ஒரு பாடம் கிடைக்கும்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஒருவர் வைத்த தலைப்பை மற்றொருவர் எடுத்து வைத்துக்கொள்ளலாமா? அது திருட்டு ஆகாதா? ஆகாது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் ஒரு நூலின் உள்ளடக்கத்தைப் பாதுகாக்கிறது. ஒரு பாடலின் சொற்களையும் மெட்டையும் பாதுகாக்கிறது. வெறும் தலைப்பை அது பாதுகாப்பதில்லை. ஒரு வாணிகச் சின்னமாகப் பதிவு செய்யப்பட்ட பெயர் என்றால் கதை வேறு. மற்றபடி 'வேர்கள்' போன்ற ஒரு பொதுச் சொல்லை ஒருவர் வேலி போட்டு அடைத்து வைக்க முடியாது. கிணற்று நீரைப் போல யார் வேண்டுமானாலும் இறைத்துக்கொள்ளலாம்.

ஒரே தலைப்பு அமைவதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில், தொலைக்காட்சித் தொடரும் இசைத்தட்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். 1966-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அமெரிக்காவில் 'தி மங்கீஸ்' என்ற நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. நான்கு இளைஞர்கள் பாட்டுக் குழுவாக நடித்தார்கள். அடுத்த மாதமே அதே பெயரில் அவர்களுடைய இசைத்தட்டும் வெளிவந்தது. தொடர் தட்டை விற்றது. தட்டு தொடரை வளர்த்தது. இது வாணிக உறவு. இரண்டாவது வகையில், ஒருவரையொருவர் கலந்துகொள்ளாத கலைஞர்கள், வேறு வேறு காலத்தில், தாமாகவே ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 'ரூட்ஸ்' என்ற பெயரில் இந்த இரண்டு வகையும் இருக்கின்றன. ஆகவேதான் அதை எடுத்துக்கொண்டோம்.

ஆண்டு வரிசையாகப் பார்ப்போம்.

1968-ஆம் ஆண்டின் இறுதியில் எவர்லி சகோதரர்கள் 'ரூட்ஸ்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார்கள். மூத்தவர் டான், இளையவர் பில். இவர்களுடைய தந்தை ஐக் எவர்லி, கென்டக்கி மாநிலத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். கிட்டார் வாசிப்பில் கைதேர்ந்தவர். சுரங்கத்தை விட்டு வெளியேறி, இசையை நம்பிக் குடும்பத்தோடு ஊர் ஊராகச் சென்றார். அயோவா மாநிலத்தில் ஷெனன்டோவா என்ற சிற்றூரின் வானொலி நிலையத்தில் தந்தை, தாய், இரண்டு சிறுவர்கள் ஆகிய நால்வரும் சேர்ந்து பாடினார்கள். குடும்பமே ஒரு நிகழ்ச்சி!

பிள்ளைகள் வளர்ந்தார்கள். 1957-ஆம் ஆண்டு முதல் உலகப் புகழ் பெற்றார்கள். பிறகு புதிய பாட்டுக் குழுக்கள் வந்தன. இவர்கள் புகழ் மங்கியது. அப்படி மங்கிய காலத்தில்தான் இந்தத் தட்டு வந்தது. அதில் தாங்கள் சிறு வயதில் கேட்டு வளர்ந்த நாட்டுப்புற இசை மரபைச் சேர்ந்த பாடல்களை அவர்கள் பாடினார்கள். அது மட்டுமன்று, 1952-ஆம் ஆண்டு அந்த வானொலி நிகழ்ச்சியில் பதிவான குடும்பத்தாரின் குரல்களையும் தேடி எடுத்துத் தட்டில் சேர்த்தார்கள். இடையே பதினாறு ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆனால் தட்டைச் சுழலவிட்டால் தந்தை பேசுகிறார், சிறுவர்கள் பாடுகிறார்கள். தட்டு பெரிய அளவில் விற்கவில்லை. ஆனாலும் இசை அறிந்தவர்கள் இன்றும் அதைப் போற்றுகிறார்கள். சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகளுக்கு 'வேர்' என்பது அப்பாவின் கிட்டாரும் ஒரு சிறிய வானொலி நிலையமும் ஆகும்.

அடுத்தது 1971-ஆம் ஆண்டு. சிகாகோ நகரைச் சேர்ந்த கர்ட்டிஸ் மேஃபீல்டு என்ற கறுப்பினப் பாடகர் 'ரூட்ஸ்' என்ற தலைப்பில் ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். எவர்லி சகோதரர்களின் தட்டுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மேஃபீல்டு 1942-இல் பிறந்தவர். சமயப் போதகராக இருந்த பாட்டியின் தேவாலயத்தில் பாடிப் பழகியவர். கறுப்பின மக்கள் சம உரிமைக்காகப் போராடிய காலத்தில், மக்களுக்கு நம்பிக்கை ஊட்டும் பாடல்களை எழுதியவர். தம் பாடல்களின் உரிமை தம்மிடமே இருக்க வேண்டும் என்று சொந்தமாக ஒரு தட்டு நிறுவனத்தையும் 1968-இல் தொடங்கியவர். 1971-இல் வந்த தட்டில் அமைதி வேண்டும், சோர்வடையாமல் முன்னேற வேண்டும், சகோதரரை நேசிக்க வேண்டும் என்ற கருத்துகள் ஒலிக்கின்றன. 1990-ஆம் ஆண்டு மேடை விளக்குச் சட்டம் சரிந்து விழுந்து அவர் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அதன் பின்னும் படுத்த நிலையில் பாடி ஒரு தட்டு வெளியிட்டார். 1999-இல் மறைந்தார்.

இப்போது தொலைக்காட்சித் தொடருக்கு வருவோம். இதற்கு மூலம் ஒரு நூல். அந்த நூலுக்கு மூலம் ஒரு பாட்டி.

அலெக்ஸ் ஹேலி 1921-ஆம் ஆண்டு பிறந்தவர். டென்னசி மாநிலத்தில் ஹென்னிங் என்ற சிற்றூரில், பாட்டி வீட்டில் சிறு வயதைக் கழித்தார். மாலை நேரத்தில் பாட்டியும் அவருடைய உறவுப் பெண்களும் திண்ணையில் அமர்ந்து பழங்கதை பேசுவார்கள். நம் வீட்டுத் திண்ணைப் பேச்சைப் போலத்தான். அந்தப் பேச்சில் 'ஆப்பிரிக்கர்' என்று ஒரு முன்னோர் வருவார். அவர் பெயர் கின்டே. மத்தளம் செய்ய மரம் வெட்டப் போன இடத்தில் பிடிபட்டு, கப்பலில் ஏற்றப்பட்டு, அமெரிக்கத் தோட்டத்தில் அடிமையாக விற்கப்பட்டவர். அவர் கிட்டாரைக் 'கோ' என்பாராம். ஆற்றைக் 'கம்பி போலோங்கோ' என்பாராம். பொருள் தெரியாத அந்த இரண்டு மூன்று சொற்களைக் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக மணிபோல் கோத்து வைத்திருந்தார்கள்.

ஹேலி வளர்ந்து அமெரிக்கக் கடலோரக் காவல் படையில் சேர்ந்தார். முதல் வேலை சமையற்கட்டுப் பணி. ஓய்வு நேரத்தில், எழுதத் தெரியாத தோழர்களுக்கும் எழுதத் தயங்கிய தோழர்களுக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தார். எழுத்து அவ்வாறே கைவந்தது. இருபது ஆண்டுப் பணிக்குப் பின் 1959-இல் ஓய்வு பெற்று முழுநேர எழுத்தாளரானார். பிறகு பாட்டி சொன்ன சொற்களின் பொருளைத் தேடி அலைந்தார். அவை மேற்கு ஆப்பிரிக்காவின் மண்டிங்கா மொழிச் சொற்கள் என்றும், அந்த ஆறு காம்பியா ஆறாக இருக்கலாம் என்றும் மொழி அறிந்தவர்கள் சொன்னார்கள். 1967-ஆம் ஆண்டு காம்பியா நாட்டில் ஜுஃபுரே என்ற கிராமத்துக்குச் சென்றார். குலவரலாற்றை வாய்ப்பாடமாகச் சொல்லும் முதியவர் ஒருவர் அங்கே இருந்தார். 'குன்டா கின்டே' என்ற இளைஞன் மரம் வெட்டப் போய்த் திரும்பி வரவேயில்லை என்று அவர் சொல்லக் கேட்டதாக ஹேலி எழுதினார். பல ஆண்டு உழைப்பின் பயனாக 1976-இல் 'ரூட்ஸ்' நூல் வெளிவந்தது.

நூல் வெளிவந்த சில மாதங்களில் தொடரும் வந்தது. 1977-ஆம் ஆண்டு ஜனவரி 23 தொடங்கி 30 வரை, எட்டு இரவுகள் தொடர்ச்சியாக அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி அதை ஒளிபரப்பியது. மொத்தம் 12 மணி நேரம். தயாரிப்பாளர் டேவிட் வோல்ப்பர். வாரத்துக்கு ஒன்றாக இல்லாமல் இப்படி இரவுதோறும் ஒரு கதையைக் காட்டுவது அந்நாளில் புதுமை. அடிமைகளின் பக்கமிருந்து சொல்லப்படும் கதையை மக்கள் பார்ப்பார்களா என்ற அச்சம் நிலையத்தாருக்கு இருந்தது. ஆனால் நடந்தது வேறு. கடைசி இரவில் மட்டும் சுமார் 10 கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கிட்டார்கள். எட்டு இரவுகளில் ஏதேனும் ஒரு பகுதியையாவது பார்த்தவர்கள் சுமார் 13 கோடி. அன்றைய அமெரிக்க மக்கள் தொகையில் இது பாதிக்கு மேல்!

அந்தத் தொடரில் ஒரு காட்சி. இளம் குன்டா கின்டேயாக நடித்தவர் லெவார் பர்ட்டன் என்ற கல்லூரி மாணவர். தோட்ட முதலாளி அவனுக்கு 'டோபி' என்று புதுப் பெயர் வைக்கிறான். இளைஞன் ஏற்க மறுக்கிறான். தப்பி ஓடிப் பிடிபட்டதும், எல்லா அடிமைகளும் பார்த்திருக்க, கைகளைக் கட்டிச் சாட்டையால் அடிக்கிறார்கள். "உன் பெயர் என்ன?" என்று ஒவ்வோர் அடிக்கும் கேட்கிறார்கள். "குன்டா கின்டே" என்கிறான். மீண்டும் அடி. மீண்டும் கேள்வி. கடைசியில் உடல் தாங்காமல் "டோபி" என்று முனகுகிறான்.

நேயர்களே, அங்கே பறிக்கப்பட்டது ஒரு பெயர். பெயரோடு தந்தையும் ஊரும் மொழியும் பறிபோகின்றன. அதனால்தான் அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கவில்லை. தொடர் முடிந்த ஆண்டில் அமெரிக்காவில் பலர் தங்கள் பெண் குழந்தைகளுக்குக் 'கிசி' என்று பெயர் வைத்தார்கள். கிசி என்பது கதையில் குன்டா கின்டேயின் மகள் பெயர். தம் குடும்ப வரலாற்றைத் தேடி ஆவணக் காப்பகங்களுக்குப் படையெடுத்தவர்களும் பலர். வெள்ளையர், கறுப்பர் என்ற வேறுபாடு இல்லாமல், 'நம் தாத்தாவின் தாத்தா யார்?' என்று கேட்கத் தொடங்கினார்கள்.

இந்தத் தொடரோடு கூடப் பிறந்த இசைத்தட்டு ஒன்று உண்டு. அதை அமைத்தவர் குயின்சி ஜோன்ஸ். பிற்காலத்தில் மைக்கேல் ஜாக்சனின் புகழ்பெற்ற தட்டுகளைத் தயாரித்தவர். 2024-ஆம் ஆண்டு மறைந்தார். ஆப்பிரிக்க இசையிலிருந்து அமெரிக்கக் கறுப்பின இசை எவ்வாறு கிளைத்தது என்பதில் அவருக்குப் பேரார்வம். தொடரின் முதல் பகுதிக்கு அவர் இசை அமைத்தார். தென்னாப்பிரிக்கப் பாடகி லெட்டா ம்புலு பாடினார். பிந்திய பகுதிகளுக்கு ஜெரால்டு ஃப்ரீடு என்ற மற்றோர் இசையமைப்பாளர் இசை அமைத்தார். இருவரும் அந்த ஆண்டின் எம்மி விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். குயின்சி ஜோன்சின் தட்டு 1977-இலேயே நூலின் முழுத் தலைப்பைத் தாங்கி வெளிவந்தது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். தொடர் 12 மணி நேரம். தட்டு அரை மணி நேரத்துக்கும் குறைவு. தொடரில் கேட்ட இசை எல்லாம் அதில் அடங்காது. ஆப்பிரிக்கக் கரையில் தொடங்கி அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலம் வரையில் உள்ள இசைப் பயணமாக அந்தத் தட்டு அமைந்தது. ஆக, ஒரு வயிற்றுப் பிள்ளைகளாக இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. அண்ணன் தம்பிக்கு முகச்சாயல் ஒன்றாக இருக்கலாம். குணம் வேறாக இருக்கும்.

பெயர் இத்தோடு நிற்கவில்லை. 1996-ஆம் ஆண்டு பிரேசில் நாட்டின் 'செப்பல்டுரா' என்ற குழு 'ரூட்ஸ்' என்று ஒரு தட்டை வெளியிட்டது. இடி முழக்கம் போன்ற மின்கிட்டார் இசை அவர்களுடையது. இளைஞர்கள் விரும்புவார்கள், பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் செய்த ஒரு காரியத்தைப் பெரியவர்களும் பாராட்டலாம். பிரேசிலின் மாட்டோ குரோசோ மாநிலத்தில் வாழும் ஷவாந்தே என்ற பழங்குடி மக்களின் கிராமத்துக்குச் சென்று, அம்மக்களோடு தங்கி, அவர்கள் பாடப் பதிவு செய்து தட்டில் சேர்த்தார்கள். அந்தப் பகுதிக்கு வைத்த பெயர் 'இட்சாரி'. ஷவாந்தே மொழியில் அதற்கும் வேர்கள் என்றே பொருள்.

பின்னர் 2016-ஆம் ஆண்டு மே 30 தொடங்கி நான்கு இரவுகள், 'ரூட்ஸ்' தொடர் புதிதாக எடுக்கப்பட்டு ஒளிபரப்பானது. தயாரித்தவர்களில் ஒருவர் பழைய தயாரிப்பாளரின் மகன் மார்க் வோல்ப்பர். மற்றொருவர், 39 ஆண்டுகளுக்கு முன் சாட்டையடி பட்ட இளைஞனாக நடித்த அதே லெவார் பர்ட்டன். இசைப் பொறுப்பை ஏற்றவர் குவெஸ்ட்லவ். அவர் எந்தக் குழுவைச் சேர்ந்தவர் தெரியுமா? பிலடெல்பியா நகரின் 'தி ரூட்ஸ்' என்ற குழு! பெயர் சுற்றிச் சுற்றி வந்து மீண்டும் தன்னையே தொட்டது.

ஏன் மீண்டும் எடுத்தார்கள்? புதிய தலைமுறைக்குக் காட்ட வேண்டும் என்பது ஒரு காரணம். பிழை திருத்துவது மற்றொரு காரணம். பழைய தொடரில் ஜுஃபுரே வெளியுலகம் அறியாத சிற்றூராகக் காட்டப்பட்டது. உண்மையில் அது ஆற்றங்கரையில் வாணிகம் நடந்த ஊர் என்று வரலாற்றறிஞர்கள் சொல்ல, புதிய தொடரில் அப்படியே மாற்றினார்கள்.

பிழை என்று சொன்னோம். அதை மறைக்காமல் பேசுவதுதான் வரலாற்றுக்கு அழகு. ஹேலியின் நூலைப் பற்றியும் வழக்கும் கேள்வியும் எழுந்தன. ஹேரால்டு கோர்லாண்டர் என்ற எழுத்தாளர், 1967-இல் வந்த தம் நாவலிலிருந்து பகுதிகள் எடுக்கப்பட்டதாக வழக்குத் தொடுத்தார். 1978-இல் ஹேலி அந்த நாவலின் சில பகுதிகள் தம் நூலில் புகுந்துவிட்டதை ஒப்புக்கொண்டு, 6,50,000 டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார். அதற்கு முந்திய ஆண்டே லண்டன் செய்தியாளர் ஒருவர் காம்பியாவுக்குச் சென்று விசாரித்தார். ஹேலி எந்தக் கதையைத் தேடி வருகிறார் என்பது அங்கே முன்கூட்டியே தெரிந்திருந்தது என்றும், ஆகவே முதியவர் சொன்னதைச் சான்றாகக் கொள்வது கடினம் என்றும் எழுதினார். 1981-இல் குடிவழி ஆய்வாளர்கள் வர்ஜீனியா மாநிலத்தின் பழைய ஆவணங்களைப் புரட்டினார்கள். குன்டா கின்டே வந்து சேர்ந்ததாக ஹேலி சொன்ன ஆண்டு 1767. ஆனால் 'டோபி' என்ற அடிமை அதற்கு முன்பே அந்தக் குடும்பத்தின் ஆவணத்தில் இருந்தார்!

ஹேலியும் தம் நூல் உண்மையும் கற்பனையும் கலந்தது என்றே சொன்னார். அவர் 1992-இல் காலமானார். அப்படியானால் நூலும் தொடரும் வீணா? இல்லை. ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் கப்பலின் அடித்தட்டில் சங்கிலியிடப்பட்டுக் கொண்டு செல்லப்பட்டது உண்மை. குழந்தை தாயிடமிருந்து பிரித்து விற்கப்பட்டது உண்மை. பெயர் மாற்றப்பட்டது உண்மை. காம்பியா ஆற்றின் நடுவே, அடிமை வாணிகத்துக்குப் பயன்பட்ட கோட்டை நின்ற தீவுக்கு 2011-ஆம் ஆண்டு 'குன்டா கின்டே தீவு' என்று பெயர் சூட்டினார்கள். ஆனால் ஒரு பொது உண்மை இருக்கிறது என்பதற்காக ஒரு தனிச் செய்தியை ஆராயாமல் ஏற்றுக்கொள்ளக் கூடாது. ஆராயாமல் சொல்லிவிட்டால், பின்னால் ஒரு பிழை வெளிப்படும்போது, மாற்றார் முழு உண்மையையே பொய் என்று சொல்லத் துணிவார்கள். இதுதான் நாம் பெற வேண்டிய பாடம்.

இந்தப் பாடம் தோட்டக் குடும்பங்களாகிய நமக்கும் வேண்டியதே. நம் முன்னோர் அடிமைகளாக விற்கப்பட்டவர்கள் அல்லர். அந்த வேறுபாட்டை நாம் மறக்கக் கூடாது. அவர்கள் முதலில் ஒப்பந்தக் கூலிகளாகவும், பிறகு கங்காணிமார் மூலமாகவும் மலாயாவுக்கு வந்தார்கள். ஒப்பந்த முறைக்கு 1910-ஆம் ஆண்டு முடிவு கட்டப்பட்டது. 1938-இல் இந்திய அரசாங்கம் தோட்டத் தொழிலாளரை அனுப்புவதற்குத் தடை விதித்தது. பட்ட துன்பம் மிகுதி. காய்ச்சலிலும் பசியிலும் மாண்டவர் பலர். ஆயினும் கூலி உண்டு, திரும்பிப் போகும் வழி சிலருக்கேனும் உண்டு, பெற்ற பிள்ளை பெற்றவருக்கே உண்டு. ஆகவே இரண்டையும் ஒன்று என்று சொன்னால் அதுவும் ஆராயாத பேச்சே ஆகும்.

ஆனால் ஓர் இழப்பு நமக்கும் பொது. வகுப்பில் 'உன் தாத்தாவின் அப்பா பெயர் என்ன? எந்த ஊர்?' என்று கேட்டோம். முப்பது பிள்ளைகளில் ஊர்ப் பெயர் சொன்னவர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் 'இந்தியா' என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்குத் தகுதி இல்லை. நம் வீட்டுக் கதையும் அப்படித்தான். பாட்டனாரின் அடையாள அட்டையில் ஒரு பெயர். தந்தையாரின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பனார் பெயராக மற்றொரு பெயர். எழுதியவர் காதில் விழுந்ததை எழுதிவிட்டார். படிக்கத் தெரியாத பாட்டனார் கைநாட்டு வைத்துவிட்டார். எது சரி என்று கேட்கும் வயதும் அறிவும் நமக்கு வந்தபோது அவர் இல்லை. பாட்டியிடம் கேட்கலாம் என்று ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் நினைத்தோம். நினைத்துக்கொண்டே இருந்தோம். பாட்டியும் போய்விட்டார். நாலு பேருக்கு வரலாறு சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் வீட்டு வரலாறு இன்றைக்கும் இரண்டு பெயர்களோடு நிற்கிறது.

தோட்டங்கள் துண்டாடப்படுகின்றன, ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புப் பகுதி வருகிறது. லயம் இடிந்தால் திண்ணையும் போகும். திண்ணை போனால் பேச்சும் போகும். ஆகவே, இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும். எப்படிக் கேட்பது? ஹேலியின் வெற்றியிலிருந்தும் தவற்றிலிருந்தும் நாம் கற்றுக்கொள்ளலாம்.

ஒன்று: விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்காதீர்கள். 'பாட்டி, நம் ஊர் தஞ்சாவூர்தானே?' என்று கேட்டால், பேரப்பிள்ளை மனம் கோணக் கூடாது என்று பாட்டி 'ஆமாம் சாமி' என்று சொல்லிவிடுவார். 'எந்த ஊரில் கப்பல் ஏறினீர்கள் என்று உங்கள் அம்மா சொன்னார்?' என்று கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள்.

இரண்டு: பொருள் தெரியாத சொல்லையும் அப்படியே எழுதுங்கள். ஹேலியின் குடும்பத்தார் 'கோ' என்ற ஒற்றை எழுத்துச் சொல்லைக் காப்பாற்றினார்கள். கோயிலின் பெயர், குளத்தின் பெயர், தெருவின் பெயர், குலதெய்வத்தின் பெயர் எதுவானாலும் திருத்தாமல் எழுதுங்கள். ஊரைக் கண்டுபிடிக்க அதுவே கைகாட்டி மரமாகலாம்.

மூன்று: தாள்களோடு ஒப்பிடுங்கள். பழைய கடப்பிதழ், அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, கடிதத்தின் உறை ஆகிய எதையும் எரித்துவிடாதீர்கள். கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. வாய்ச்சொல்லும் தாளும் ஒத்துப்போனால் மகிழ்ச்சி. ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் எழுதிவைத்து, 'ஐயம் உண்டு' என்று பக்கத்தில் குறியுங்கள். ஐயத்தை எழுதுவது குறையன்று, நேர்மை.

நான்கு: குரலைப் பதிவு செய்யுங்கள். எவர்லி சகோதரர்கள் பதினாறு ஆண்டுக்குப் பின் தம் குடும்பக் குரலைக் கேட்டார்கள். இன்று நம் வீட்டுப் பிள்ளைகளின் கையில் உள்ள கைப்பேசியே ஒரு பதிவு நிலையம். தாலாட்டு, ஒப்பாரி, ஏற்றப் பாட்டு, கும்மி என்று எது பாட்டியின் நாவில் இருந்தாலும் பதிவு செய்யுங்கள்.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு விடை சொல்வோம். எது உண்மையான 'ரூட்ஸ்'? நம் தோட்டத்துப் பெருமாள்களில் யார் உண்மையான பெருமாள்? எல்லாரும்தான். 1968-இன் எவர்லி ரூட்ஸ், 1971-இன் மேஃபீல்டு ரூட்ஸ், 1977-இன் ஹேலி தொடரும் குயின்சி ஜோன்ஸ் தட்டும், 1996-இன் பிரேசில் ரூட்ஸ் என்று ஆண்டையும் ஆளையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் குழப்பம் இல்லை. சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகளும், சிகாகோ பாடகரும், அடிமைகளின் வழிவந்த எழுத்தாளரும், பிரேசில் இளைஞர்களும் ஒரே சொல்லைப் பிடித்தார்கள். ஏனெனில் அவர்கள் எல்லாருக்கும் கேள்வி ஒன்றாக இருந்தது. விடை மட்டும் அவரவர் மண்ணில் கிடைத்தது.

தலைப்புக்குச் சட்டத்தில் சொந்தக்காரர் இல்லை என்று தொடக்கத்தில் சொன்னோம். ஆகவே பிள்ளைகளே, இன்று இரவு ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அட்டையில் 'வேர்கள்' என்று எழுதுங்கள். யாரும் உங்கள்மேல் வழக்குப் போட முடியாது. முதல் பக்கத்தில் பாட்டியின் முழுப் பெயரை, அவர் சொல்கிறபடியே எழுதுங்கள். பெரியவர்களே, பிள்ளைகள் கேட்க வரும்போது 'அதெல்லாம் இப்போது எதற்கு?' என்று விரட்டிவிடாதீர்கள். கொஞ்சம் உட்கார்ந்து சொல்லுங்கள்.